ஐவர் அணிக்கு விக்கி வழிகாட்டி

திருச்சியில் எந்தக் கல்லூரியில் படித்தாலும் சரி, ஒருநாள் உங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ‘ஸ்ரீரங்கம் கோயில் பற்றி விக்கியில் எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள்’ என்று அசைன்மென்ட் கொடுத்துவிடுவார்கள். பதற வேண்டாம். சேர்ந்து எழுதாமலே சேர்ந்து எழுதியதாகக் காட்ட வழி இருக்கிறது.

முதல் வேலை பாகப்பிரிவினை. பிராகாரம் 7, ஆட்கள் 5. ஆளுக்கொன்று போக மிஞ்சும் இரண்டை அன்றைக்கு வகுப்புக்கு வராதவன் தலையில் கட்டுங்கள். அதன்பின் அடுத்தவர் பத்தியை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது. இரண்டாம் பத்தியில் ராஜகோபுரம் 236 அடி, ஐந்தாம் பத்தியில் 239 அடி என்றிருந்தால்தான் என்ன? சார் படித்து முடிப்பதற்குள் மூன்றடி வளர்ந்திருக்கும்.

நண்பன் எழுதிய வரியில் கை வைப்பது நட்புக்கு ஆகாது. பிழை கண்ணில் பட்டால் உரையாடல் பக்கத்துக்குப் போய் ‘செம மாப்ள’ என்று எழுதிவிட்டு வந்துவிடுங்கள். ‘இந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேட்கத்தான் அந்தப் பக்கத்தை வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. பக்கத்தின் உச்சியில் ‘வரலாறு’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை பைட் சேர்த்தார், எத்தனை நீக்கினார் என்று ஒன்றுவிடாமல் வந்துவிடும். கெடு முடிய எட்டு நிமிடம் இருக்கையில் ஒருவர் மட்டும் நான்காயிரம் பைட் கொட்டியிருப்பதும் தெரியும். இதற்கு மாற்று, காற்புள்ளி. இன்று ஒன்று போடுங்கள், நாளை எடுங்கள், மறுநாள் மறுபடி போடுங்கள். கணக்கில் மூன்று தொகுப்பு. ‘இது ஒரு சிறு தொகுப்பு’ என்ற கட்டத்தில் மட்டும் மறந்தும் டிக் போட்டுவிடாதீர்கள்.

வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வீட்டுத் திண்ணை, ஒரே லேப்டாப், ஒரே கணக்கு என்று ஐந்து பேரும் உட்காரும் முறையும் உண்டு. ‘13 நிலை ராஜகோபுரத்தை நாயக்கர்கள் கட்டி முடித்தார்கள்’ என்று ஒருவன் தட்டுகிறான். அதுவரை வாயே திறக்காத பெண் சீறுகிறாள்: ‘அது மொட்டைக் கோபுரமாத்தான் நின்னுண்டிருந்தது, எங்க பாட்டியே பார்த்திருக்கா!’ அரைமணி நேரச் சண்டைக்குப் பிறகு, கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் 25 என்று தேடிப்பிடித்து வரியைத் திருத்துகிறார்கள். பாட்டியைச் சான்றாகப் போட முடியாது. போட்டால் ‘சான்று தேவை’ என்று பட்டை ஒட்டிவிடுவார்கள். அந்த அசைன்மென்ட்டிலேயே உருப்படியாக நடந்தது அந்த அரைமணி நேரம்தான். ஆனால் வரலாற்றுப் பக்கத்தில் இருப்பது தட்டியவன் பெயர். பைட்டை எண்ணி மதிப்பெண் போடும் ஆசிரியர் அமைந்தால் நீங்கள் லேப்டாப் பக்கத்தில் உட்காருங்கள்.

மாணவர்களை விக்கியில் எழுத வைப்பதற்கும் சரி, வெட்டி ஒட்டுவதற்கும் சரி, முன்னோடிகள் உண்டு. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசே கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி வைத்துத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதச் சொன்னது. அடுத்த ஆண்டு புனே கல்லூரிகளில் விக்கிமீடியா அறக்கட்டளை பாடத்தோடு சேர்த்து ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வைத்தது. புனேயில் புத்தகத்திலும் இணையத்திலும் இருந்ததைப் பலர் அப்படியே இறக்க, சம்பளமில்லாத தன்னார்வலர்கள் இராப்பகலாக உட்கார்ந்து அழித்தார்கள். திட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. நீங்களும் ஒட்டலாம். ஒரு வாக்கியத்தை அப்படியே கூகுளில் போட்டுப் பார்க்க சாருக்குத் தெரியாது என்று நம்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ‘இதில் யார் எதை எழுதியது?’ என்று துறைத் தலைவர் கூப்பிட்டுக் கேட்டால் கோயிலொழுகை எடுத்துவிடுங்கள். ஸ்ரீரங்கம் கோயிலின் நிர்வாகம், திருப்பணி, படையெடுப்பு எல்லாவற்றையும் பல தலைமுறைகளில் பல கைகள் சேர்த்துச் சேர்த்து எழுதிய நூல். எந்த வரி யாருடையது என்று சொல்ல வரலாற்றுப் பொத்தான் கிடையாது. காலக்கணக்கு ஆங்காங்கே இடிக்கும். ஆய்வாளர்கள் அதைக் கோயிலில் உள்ள 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளோடு ஒத்துப்பார்த்துத்தான் ஏற்பதை ஏற்கிறார்கள். அந்தக் கைகளுக்கெல்லாம் தலைக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் ஐயா என்று பணிவாகக் கேளுங்கள். இன்டர்னல் மார்க் ஏறிய பிறகு கேட்பது உத்தமம்.