தோள் துண்டும் ஆற்றங்கரை நடையும்: ஒரு முன்னாய்வு

ஆற்றோரமாக, மரநிழலில், மூச்சு வாங்காமல் நடந்துவர என்ன தேவை என்று கேட்டால் இதுவரை எல்லோரும் நல்ல செருப்பையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். இது மேலோட்டமான பார்வை. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தொடங்கித் திருப்புடைமருதூர் வரை உள்ள பகுதியைக் களமாக எடுத்துக்கொண்டால், நடை எளிதாக அமைவதும் அமையாமல் போவதும் தோளில் கிடக்கும் துண்டைப் பொறுத்தது என்பது விளங்கும். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தரை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொதிகையில் பிறந்து பாபநாசம் வரைக்கும் பாறையும் அருவியுமாகக் குதித்து வருகிற ஆறு, அதன்பிறகு அடங்கி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரை வயல்வெளியில்தான் போகிறது. கால்வாய்க் கரை இன்னும் சுகம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிந்து சேரன்மகாதேவி, பத்தமடை என்று போகும் கன்னடியன் கால்வாயைப் பாருங்கள். தண்ணீர் தானாக ஓடவேண்டும் என்பதற்காக மேடு பள்ளத்தை ஒதுக்கி வளைந்து வளைந்து வெட்டியது. ஆகவே அதன் கரையில் நடப்பவருக்கு ஏற்றம் கிடையாது, இறக்கம் இருப்பதே தெரியாது. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர் இதை வெட்டினார், வழி காட்டியது ஒரு பசு, பசு போன தடம் கால்வாய், அது படுத்த இடமெல்லாம் குளம் என்று இந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. பொறியாளர்களுக்கு இதில் ஆட்சேபம் இருக்கலாம். நடையியலாருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவசரப்படாமல், மேடேறாமல், அலுத்த இடத்தில் படுத்து எழுந்து போகிற ஜீவன் வகுத்த பாதையைவிட எளிய நடைக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்து காடு. இங்கே காடு என்பது கரையோர மருத மரங்கள்தான். சாம்பலும் வெளிர்சிவப்பும் கலந்த வழவழப்பான பட்டை, தகடு தகடாக உரிந்து தொங்கும். அடியில் காய்கள் உதிர்ந்து கிடக்கும். மருதங்காய்க்கு நீளவாக்கில் ஐந்து இறக்கை. காய்ந்தால் கட்டைபோல் இறுகிவிடும். எப்படி விழுந்தாலும் ஓர் இறக்கையாவது மேலே பார்த்து நிற்கும். வெறுங்காலோடு நடந்தவர்கள் இதைச் சொல்லக் கேட்கவேண்டும், எழுத்தில் கொண்டுவர முடியாது. திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மரங்களில் கொக்கும் நாரையும் கூடுகட்டுவதால் அந்த இடத்தை 2005-ல் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கர். வாயில் போட்ட வெற்றிலை மென்று முடிவதற்குள் காடு முடிந்துவிடும். கூடுகட்டும் பருவத்தில் மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி நிற்பவர்களுக்கு மேலிருந்து நேரக்கூடிய விபத்தைச் சொல்லத் தேவையில்லை. துண்டின் முதல் பயன் இங்கே வெளிப்படுகிறது; ஆனால் அது சில்லறைப் பயன்.

நேரக் கணக்குக்கு வருவோம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் மலைநடைக்காரர்கள் இதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கல்லிடைக்குறிச்சியில் இது செல்லாது. இங்கே ஏறவேண்டியது படித்துறைப் படி மட்டும். ஆனால் எதிரே வருகிற ஆட்களை நெய்ஸ்மித் கணக்கில் சேர்க்கவே இல்லை. எனவே ஒரு திருத்தம்: தெரிந்தவர் என்றால் கால் மணி, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றால், யார் வழியில் தெரியும் என்பதை முதலில் நிறுவவேண்டி இருப்பதால், அரை மணி, கல்யாணத்துக்குப் பிள்ளையை வைத்திருப்பவர் என்றால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது.

ஆய்வின் மையம் இந்த எதிரே வருபவர்தான். அவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கரையில் செல்லுபடியாகும் விடைகள் சிலவே: குளிக்க, துவைக்க, வயலுக்கு, கோயிலுக்கு, மாட்டைத் தேட. வேறு விடை சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் களத்தில் கிடைத்த மாதிரி ஒன்று:

“எங்க போறிய?”

“சும்மாதான் அண்ணாச்சி, ஆத்தோரமா நடக்கேன்.”

“சும்மாவா? யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?”

“யாரு வீட்டுக்கும் இல்ல. அப்படியே நடந்துட்டு வரலாம்னு…”

“டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரோ? சுகரா?”

“அதெல்லாம் இல்ல அண்ணாச்சி.”

“அப்ப எடம் ஏதும் பாக்கியளா? எந்தப் பக்கம் பாக்கிய?”

சும்மா நடக்கிறவர் ஒன்று நோயாளி, அல்லது நிலம் வாங்க வந்தவர். இரண்டும் இல்லை என்று அவர் சாதித்தால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் என்று ஆகி, அக்கறையாக இரண்டு பேர் கொஞ்ச தூரம் பின்னாலேயே வருவார்கள்.

இங்கிலாந்தில் சிக்கல் வேறு. அங்கே நடக்கிறவரை ஏன் என்று எவரும் கேட்பதில்லை. எங்கே நடக்கலாம் என்பதில்தான் தகராறு. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் கூட்டமாக அத்துமீறி ஏறியவர்களில் சிலர் சிறைக்கே போனார்கள். 1949-ல் வந்த சட்டத்தின்படி பொதுநடைபாதைகளை வரைபடத்தில் குறித்தார்கள். அந்தப் பாதை ஒருவருடைய வயலுக்குள்ளே போனாலும் அவர் மறிக்கக்கூடாது. நம் கரையில் மறிப்பவர் யார்? தென்னந்தோப்புக்குள் புகுந்து போனால்கூட “பாத்துப் போங்க, பூச்சி கெடக்கும்” என்பார்கள். உரிமை தாராளமாகக் கிடக்கிறது, காரணம்தான் இல்லை.

அந்தக் காரணத்தைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதே நமது கண்டுபிடிப்பு. துண்டு இருந்தால் கேள்வி வராது, வந்தாலும் “குளிக்கவா?” என்று விடையையும் சேர்த்துக்கொண்டு வரும். தலையை ஆட்டினால் போதும். துண்டு ஈரிழைத் துண்டாக இருக்கவேண்டும். கொஞ்சம் பழசாக இருந்தால் உத்தமம். பூப்போட்ட டர்க்கித் துண்டு லாட்ஜில் தங்கியிருப்பவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். கூடவே ஒரு சோப்பு டப்பா இருந்தால் சாட்சியம் பலப்படும். பெண்களுக்கு இந்தக் கொள்கை அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஒரு வாளி அழுக்குத்துணியும் கூட ஓர் ஆளும் வேண்டும். துவைக்காமல் திரும்பவும் முடியாது. சும்மா நடக்கும் சுகத்தின் பெரும்பங்கை ஆண்களே அனுபவித்து வருவது இதனால்தான்.

துண்டுக் கொள்கைக்கு ஒரு பலவீனம் உண்டு. போகும்போது துண்டு காய்ந்திருப்பது இயல்பு. திரும்பும்போதும் காய்ந்தே இருந்தால் “என்ன, குளிக்கலியா? தண்ணி கலங்கலா வருதோ?” என்று கேட்பார்கள். அலட்சியமாக “ஆமா” என்று சொல்லிவைத்தால், பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி நடப்பவருக்கு முன்னால் அம்பாசமுத்திரம் போய்ச்சேரும். ஆகவே திரும்பும் வழியில் ஏதாவது ஒரு படித்துறையில் துண்டை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்வது அவசியம். தலையையும் கொஞ்சம் நனைக்கவேண்டும். அவ்வளவு தூரம் வந்தபிறகு குளித்துவிட்டே போகலாமே என்ற வாதம் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

துண்டுக்கு மாற்றுப்பொருள்களும் ஆராயப்பட்டன. குடை பயன்படவில்லை, வெயிலுக்குப் பயப்படுகிறவர் ஏன் வெளியே வந்தார் என்ற புதிய கேள்வியை அது கிளப்புகிறது. தூக்குவாளி பரவாயில்லை, ஆனால் மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை எதிரே வருபவருக்கு உண்டு. எல்லாவற்றிலும் மேலானதாக முதலில் தெரிந்தது மம்பட்டி. தோளில் மம்பட்டியோடு வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் போகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்க இந்தச் சீமையில் ஆள் கிடையாது. ஆனால் முதல் மடையைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்: “ஏ அண்ணாச்சி, எங்க வயலுக்கு எப்பத்தான் தண்ணி விடுவிய? நேத்தே விடுதேன்னியளாம்லா?” தாம் அந்த ஆள் இல்லை என்று விளக்குவதைவிட மடையைத் திறந்துவிடுவது சுலபம். மம்பட்டியோடு கிளம்புகிறவர்கள் திரும்ப உத்தேசித்த நேரத்தோடு ஒரு வயல் நிறையும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளவேண்டும்.