மாட்டு மருத்துவரின் இடக்கை: தோள்வரை ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் பொருள், கால்நடை மருத்துவரின் இடக்கை. அது விரல் நுனியில் தொடங்கித் தோள்பட்டையில் முடிகிறது. நீளம் ஆளைப் பொறுத்தது. ஆழம் மாட்டைப் பொறுத்தது.

இத்தனை அற்பமான விஷயத்துக்கு ஓர் ஆய்வா என்று முகம் சுளிப்பவர்களுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபெல் பரிசு, 2009-ல் கால்நடை மருத்துவத்துக்காக, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் டக்ளஸ், பீட்டர் ரவுலின்சன் இருவருக்கும் போனது. பெயர் வைத்து அழைக்கப்படும் பசு, பெயரில்லாத பசுவைவிட அதிகம் பால் தருகிறது என்பது அவர்கள் கண்டது. லட்சுமி என்றோ செவலை என்றோ கூப்பிடாமல் எந்தப் பசுவிடமும் பால் கறந்தறியாத நம்மூர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. 2013-ல் நிகழ்தகவுக்கான இக் நோபெல் இன்னும் ஒரு படி மேலே போனது: மாடு படுத்து நேரம் ஆக ஆக, அது விரைவில் எழுந்து நிற்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆனால் நின்ற மாடு எப்போது படுக்கும் என்பதை அத்தனை எளிதில் சொல்ல முடியாது. மாடு படுப்பதற்கே பரிசு உண்டென்றால், மாட்டுக்குள் கை விடுபவரைப் பற்றி ஒரு கட்டுரையாவது வேண்டாமா?

முதலில் செயல்முறை. பசுவின் கருப்பை, மலக்குடலுக்கு நேர் கீழே கிடக்கிறது. ஆகவே சினையா இல்லையா என்று அறிய, மலக்குடல் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். மஞ்சப்பையின் வாயைத் திறக்காமல், உள்ளே இருப்பது தேங்காயா கத்தரிக்காயா என்று வெளியிலிருந்தே பிசைந்து சொல்வதுபோல. ஒரே வித்தியாசம், மஞ்சப்பை உதைக்காது.

இடக்கை ஏன்? சினை ஊசி போடும்போது கருப்பைக் கழுத்தை உள்ளிருந்து பிடித்து நிறுத்த ஒரு கை வேண்டும். உறைவிந்துக் குழலைச் செலுத்த இன்னொரு கை வேண்டும். நுட்பமான வேலை பழகிய கைக்கு, அதாவது பெரும்பாலோருக்கு வலக்கைக்கு. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில் கிடந்து வெந்நீரில் உருகிய உறைவிந்து அந்த வலக்கையில் இருக்க, இடக்கை மாட்டின் உள்ளே 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட கதகதப்பில் இருக்கும். சோறும் விபூதியும் மொய்க் கவரும் வலக்கைக்கே என்று முன்னோர் வகுத்த பாகுபாட்டோடு, செயற்கைக் கருவூட்டல் விஞ்ஞானம் எந்த மாநாடும் கூட்டாமல் ஒத்துப்போன இடம் இது. பிறவியிலேயே இடக்கைப் பழக்கமுள்ள மருத்துவரின் நிலைதான் இக்கட்டானது. அவர் வலக்கையை உள்ளே விடுகிறார். வீட்டில் அதே கையால்தான் சாப்பிட வேண்டும் என்று பாட்டி வளர்த்திருக்கிறார்.

இனி மாணவப் பருவம். சென்னை வேப்பேரியில் 1903-ல் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதிலிருந்து எத்தனையோ தலைமுறை மாணவர்கள் இங்கே படித்து வெளியேறியிருக்கிறார்கள். பாடத்திட்டம் பலமுறை மாறியது. முதல் தடவை மாட்டுக்குள் கை விடும்போது மாணவன் முகத்தில் தோன்றும் பாவம் மட்டும் மாறவில்லை.

நகத்தை ஒட்ட வெட்டியாயிற்று. கடிகாரமும் மோதிரமும் நண்பனின் பாக்கெட்டில். தோள்வரை வரும் பிளாஸ்டிக் உறையை மாட்டி, சட்டையோடு சேர்த்து ஒரு கிளிப். மேலே லிக்விட் பாரஃபின், அது தீர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர். இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் பசு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இதுபோல் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று என்கிற தோரணையில் அசைபோடுகிறது. விரல்களைக் குவித்துக் கையை உள்ளே செலுத்தியதும் குடல் இறுக்கிப் பிடிக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கைமுழுக்கச் சுற்றிக் காற்றடித்ததுபோல் விரல் மரத்துப்போகும். அப்போது தள்ளக் கூடாது, இழுக்கவும் கூடாது. அலை ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

“என்னப்பா தெரியுது?” என்கிறார் பேராசிரியர்.

“சூடா இருக்கு சார்.”

“அப்புறம்?”

“சாணி சார்.”

“அது வெளியிலயே இருக்கே. இன்னும் உள்ள போ.”

சற்று நேரத்தில் மாணவன் முகம் மலர்கிறது. இடப்பக்கம் பெரிதாக ஏதோ தட்டுப்படுகிறது. “கன்னுக்குட்டி சார்! ரொம்பப் பெருசு!” கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அது கன்று அல்ல, காலையில் தின்ற வைக்கோல். மாட்டின் முதல் இரைப்பை, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வயிற்றின் இடப்பாதியை ஏறக்குறைய முழுதாக அடைத்துக்கொண்டிருக்கும். உலகெங்கும் கால்நடை மாணவர்கள் கண்டுபிடிக்கும் முதல் சினை, பெரும்பாலும் இந்த வைக்கோல் சினைதான்.

தேறிய கைக்குக் கருவின் வயதைச் சொல்ல ஒரு வாய்ப்பாடு உண்டு. அதில் மாடே கிடையாது. இரண்டு மாதக் கரு சுண்டெலி அளவு. மூன்றாம் மாதம் எலி. நான்காம் மாதம் சின்னப் பூனை. ஐந்தாம் மாதம் பெரிய பூனை. ஆறாம் மாதம் பீகிள் நாய். எந்தப் புண்ணியவான் முதலில் இந்த வரிசையை வகுத்தாரோ, தலைமுறை தலைமுறையாக இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். “செனைங்களா டாக்டர்? எத்தன மாசமுங்க?” என்று கொங்குநாட்டு விவசாயி கேட்கும்போது, மருத்துவர் மனசுக்குள் “பூனை” என்று சொல்லிக்கொண்டு, வாயால் “நாலு மாசம்” என்கிறார். இதில் பெரிய பூனை பெரும்பாலும் செவிவழிச் செய்திதான். அந்த மாதங்களில் கனம் தாங்காமல் கருப்பை வயிற்றுக்குள் இறங்கிவிடும். கருவைத் தொடக் கை எட்டாது. அப்போது கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய் கைகொடுக்கும். சினை மாட்டில் அது வெறுமனே துடிக்காது, விரலடியில் விர்ரென்று அதிரும். அந்த அதிர்வை முதன்முதல் உணர்ந்த மாணவன் அன்று விடுதியில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான், அதுவும் சாப்பாட்டு நேரத்தில்.

விவசாயியின் அடுத்த கேள்வி, ஆணா பெண்ணா என்பது. கையால் தடவிச் சொல்லக்கூடியதல்ல அது. ஆனால் கேட்பதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை, சட்டத் தடையும் இல்லை. ‘சிசுவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது’ என்று ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் பலகை மாட்டவேண்டியிருக்கிற நாட்டில், பெண் பிறக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொள்ளப்படும் இடம் மாட்டுக்கொட்டகை. பத்துக்கு ஒன்பது கிடேரிக் கன்றாகவே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்துக்கு அரசு மானியமே தருகிறது.

மணம் பற்றிய பகுதியை இனியும் தள்ளிப்போட முடியாது. மாடு முக்கும்போது சாணம் உறைக்கு மேலேதான் வழியவேண்டும் என்று விதியில்லை; தோள்பட்டை வழியாக உள்ளேயும் இறங்கும். சாணத்தின் வாடைக்குப் பங்களிக்கும் வேதிப்பொருள்களில் பாரா-கிரெசால், ஸ்கடோல், இண்டோல் ஆகியவை முக்கியமானவை. இந்த இண்டோல் மல்லிகைப்பூவின் வாசத்திலும் இருக்கிறது. மிகச் சிறிய அளவில் இருப்பதால் அதைத் தலையில் சூடுகிறோம். ஆகவே மாலையில் வீடு திரும்பும் மாட்டு டாக்டரும், பேருந்தில் அவருக்கு முன்னிருக்கையில் மதுரை மல்லியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணும் வேதியியல்படி உறவினர்கள். அந்தப் பெண்ணிடம் இதை விளக்கச் சொல்லி எந்த மருத்துவருக்கும் பரிந்துரைக்க முடியாது. எலுமிச்சை, காபித்தூள், டெட்டால் என்று ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. அனுபவசாலிகள் பேருந்தின் இடப்பக்க ஜன்னலோரம் பிடிப்பார்கள். இடக்கை காற்றோடு போகட்டும் என்று.

வால், குளம்பு, மூத்திரம் ஆகிய துணைத் தலைப்புகள் ஒவ்வொன்றும் தனி ஆய்வுக்குரியவை. மூத்திரத்தில் நனைந்த வால், எப்போதும் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருக்கும் மருத்துவரின் முகத்தில்தான் விழும் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்யலாம்.

இந்த இடக்கைக்கு ஓய்வு தரப் பலர் முயன்றிருக்கிறார்கள். பிரிட்டனில் சாரா பெய்லி, மாணவர் பயில்வதற்கென்றே ‘ஹாப்டிக் கௌ’ என்ற கணினி மாட்டை உருவாக்கினார். விரலில் கருவியைப் பொருத்திக்கொண்டால் இல்லாத கருப்பை தட்டுப்படும். தடவுவது சரியா என்று ஆசிரியர் திரையில் பார்த்துச் சொல்வார். சாணி கிடையாது. அல்ட்ராசவுண்டும் வந்தது, கைக்கு ஏதும் தட்டுப்படும் முன்பே, ஒரு மாதத்தை ஒட்டியே சினையைக் காட்டிவிடும். ஆனால் அதன் முனையை மலக்குடலுக்குள் கொண்டுபோய்க் கருப்பைமேல் வைக்க வேண்டுமே! பண்ணைகளில் இதற்கென நீளப் பிடி வைத்த கருவிகளும் உண்டு. மற்ற இடங்களில் இடக்கைதான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வேலை குறையவில்லை, சுமை கூடியிருக்கிறது.

ஆகவே பெருங்கால்நடை மருத்துவர்களுக்குத் தோள்வலி தொழில்நோய். வலி முற்றிய ஒருநாள் மாட்டு மருத்துவரும் மனிதர்களுக்கான எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். எலும்பு டாக்டர் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஒரு மாசத்துக்குக் கைய மேல தூக்கற வேலையே வேணாம் சார்” என்கிறார்.

“மேல தூக்கறதே இல்லீங்க டாக்டர், உள்ளதான் விடறேன்” என்கிறார் இவர்.