வத்தலக்குண்டுக்காரர் புஸ்தகமும் என் பேராண்டியும்

ஏண்டா பேராண்டி, சீசனுக்குக் கொடைக்கானல் வந்தவன் ஏரியைச் சுத்தி சைக்கிள் விடுவான், பிரையண்ட் பூங்காவுல பூப் பாப்பான். நீ என்னடான்னா ‘கமலாம்பாள் சரித்திரம்’ நாவலை மடியில வச்சுக்கிட்டுக் கொட்டாவி விடுறே. அதோட போட்டோ மட்டும் ஜோரா எடுத்துப் போட்டிருக்கியாம், உங்க அத்தை சொன்னா.

கொடு பாப்போம். ம்ம்... முதப் பாதியெல்லாம் மிளகாய் பஜ்ஜி எண்ணெ. நடுவுல ஒரு பஸ் டிக்கெட்டு. அதுக்கு அங்கிட்டு, பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை வேட்டி மாதிரி சலவையா இருக்கு. சரிதான், கமலாம்பாள் புருசன் முத்துசாமி ஐயர் சாமியாரைத் தேடிப் போற எடத்துல நீ படுத்துட்டே.

வெக்கப்படாதே. அங்க படுத்தவுக நிறையப் பேரு. வம்பர் மகாசபையில பொம்பளைங்க ஊரு வாயை மெல்லுறது, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை பாட்டாக் கொட்டி ஆளை அசத்துறது, பேயாண்டித் தேவன் களவு, இம்புட்டும் பந்தி போட்ட மனுசன், திடுதிப்புனு இலையை எடுத்துட்டு வேதாந்தம் பேசுனா யாருக்குத்தான் கண்ணு சொக்காது?

ஆனா எழுதுனவரையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. ராஜம் ஐயர் நம்ம அடிவாரத்துக்காரரு, வத்தலக்குண்டு. நீ பஸ் மாறி நெலக்கடலை வாங்குனியே, அதே ஊருதான். பொறந்தது 1872. ‘விவேக சிந்தாமணி’யில 1893ல இந்தக் கதையைத் தொடங்குறப்ப வயசு இருபத்தொண்ணு இருக்கும். ஒனக்கு இப்ப இருபத்தாறு, இன்னும் மின்சாரக் கட்டணம் கட்ட ஒங்கப்பன்தான் போறான். அவருக்கு அந்த வயசுலயே குருவைத் தேடுற கிறுக்கு. 1896ல ‘பிரபுத்த பாரதா’ன்னு வேதாந்தப் பத்திரிகைக்கு ஆசிரியராப் போயிட்டாரு, 1898ல போயே சேந்துட்டாரு. ஆக, கதைக்குள்ள சாமியார் வந்தாருன்னு சொல்லாதே. சாமியாரைத் தேடுனவரு வழியில ஒரு கதையும் எழுதி வச்சுட்டுப் போனாருன்னு வச்சுக்க.

இன்னொண்ணு. ‘விவேக சிந்தாமணி’ மாசப் பத்திரிகை. 1895 வரைக்கும் இழுத்து இழுத்து வந்த கதை. அந்தக் காலத்துச் சனம் ஒரு மாசத்துக் கதையைப் படிச்சு, திண்ணையில உக்காந்து கமலாம்பாளுக்காக உச்சுக்கொட்டி, முத்துசாமி ஐயரைத் திட்டித் தீத்துட்டு அடுத்த மாசத்துக்குக் காத்துக் கெடந்துச்சு. நீ ரெண்டு வருசத்துச் சாப்பாட்டை மூணு நாள் லீவுல முழுங்கப் பாக்குறே. அசீரணம் ஆகாம என்ன செய்யும்? மாசத்துக்கு ஒரு அத்தியாயம் படி. சாமியார் பேசுறப்ப எந்திரிச்சுப் போயி காப்பி போடு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு, முற்றும் துறந்தவரு.

மத்தவன்லாம் முடிச்சுட்டான், நான் மட்டும் முடிக்கலைன்னு குமையுறியே, அதுதான் எனக்குச் சிரிப்பா வருது. “ஆகா, என்னா நாவல்!”னு எவனாச்சும் ஆரம்பிச்சா, அம்மையப்ப பிள்ளையைப் பத்திக் கேக்காதே, அரைமணி நேரம் பேசுவான். “கடைசியில ஐயர் என்ன ஆனாரு?”ன்னு மட்டும் கேளு. மேகம் எறங்கிருச்சு, கடைசி பஸ்ஸு போயிரும்னு கெளம்பிருவான்.

ஒனக்கு இதைச் சிபாரிசு பண்ண பெரிய மனுசன்கிட்டயே அவரு புஸ்தகத்தை ஒரு தடவை எரவல் கேட்டுப் பாரு. பாதிக்கு மேல பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். “கொடைக்கானல் ஈரம் தம்பி, என்ன செய்ய?”ம்பாரு. ஆமாங்கய்யான்னு சொல்லிட்டு வந்துரு.