நாய்க்கு மூக்கு, போர்டுக்கு பேட்டரி

கேள்வி: பழைய 386 கம்ப்யூட்டருக்கு ஆன்லைனில் மதர்போர்டு பார்த்தேன். 'சோதிக்கவில்லை' என்று விற்பவர் போட்டிருக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: ஓடாத போர்டின் விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஓடினால் லாபம்!

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குகிறவர் முதலில் மூக்கு இளஞ்சிவப்பா என்றுதான் பார்ப்பார். 386 போர்டில் அந்த மூக்கு, பேட்டரி. பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில், நீலமோ பச்சையோ உறை போட்ட சிறு உருளையாக இருக்கும். நிக்கல்-காட்மியம், 3.6 வோல்ட். வயதானால் காரத்தைக் கசியவிடும். அது செம்புத் தடங்களை அரித்து, பச்சை பூத்து, பக்கத்து சாக்கெட்டின் கால்கள்வரை போய்விடும். அந்த மூலையை மட்டும் கிட்டத்தில், முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறாரா? விட்டுவிடுங்கள். லேசான கசிவுதான் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வினிகர் தொட்டுத் துடைத்தாலே பல போர்டுகள் பிழைத்துவிடும். ஆன்டிஸ்டாடிக் கவரில் போட்டு அனுப்பச் சொல்ல மறக்காதீர்கள். வெறும் தெர்மாகோல் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் ஒன்று காயலான் கடையில் கண்ணில் பட்டால், எடைக்குப் போகவிடாமல் மீட்டுவிடுங்கள், புண்ணியம்! ஆனால் ஆசையில் உடனே பிளக்கைச் செருகாதீர்கள். பவர் சப்ளையில் இருக்கும் பழைய ரிஃபா கெப்பாசிட்டர் விரிசல் விட்டிருந்தால் வீடெல்லாம் புகைதான். அதை மாற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.