ஒரு கணினியும் இரு ஒலிபெருக்கிகளும்: மூலபாடச் சிக்கல் பற்றியதோர் ஆய்வு

கணினியில் எழும் ஒலியை ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகளில் ஒரே காலத்தில் ஒலிக்கச் செய்தல் எளிது எனக் கருதுவோர் அதனைச் செய்து பார்த்திராதவர் என்பதே இத்துறையினர் அனைவரும் ஒருமித்து ஏற்கும் முடிபாகும். ஏனைய முடிபுகள் அனைத்திலும் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடுகள் இல்லையேல் துறையும் இல்லை.

எப்பொருளை ஆய்ந்தாலும் முதற்கண் அதன் தொன்மையை நிறுவுதல் மரபு. 1881-இல் பாரிசில் நடந்த மின்பொருட்காட்சியில் கிளெமான் அடேர் என்பார் ஓப்பரா அரங்கின் இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே கொணர்ந்து, காதுக்கு ஒன்றாக இரண்டு கேட்குழல்களில் ஒலிக்கச் செய்தார். 1931-இல் ஆலன் புளும்லைன் இருதட ஒலிக்குக் காப்புரிமை கோரினார். இவ்விருவருக்கும் கணினிக்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனினும் தொன்மை நிறுவப்பட்டது.

இனி முறைகள் மூன்று. முதலாவது கம்பிமுறை. ஸ்ப்ளிட்டர் எனக் கடைகளில் வழங்குவதும், ஒரு தலையும் இரு வாலும் உடையதுமான சிறு கம்பியைக் கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகினால் இரு ஒலிபெருக்கிகளும் பிசகின்றி ஒருங்கே ஒலிக்கும். சிக்கல் யாதும் எழாமையின் இம்முறை ஆய்வுக்குரிய தகுதியை இழக்கிறது. இரண்டாவது நிலைப்படிமுறை, அதாவது ஒரே ஒலிபெருக்கியை இரு அறைகளுக்கு நடுவே வாசற்படியில் வைத்தல்.

மூன்றாவது நிரல்முறை. விண்டோஸ் இயங்குதளம் ஒலியை இயல்பாக ஒரே கருவிக்கு அனுப்புவதாதலின், ஸ்டீரியோ மிக்ஸ் எனப்படும் உள்வாங்கியை, அதாவது கணினி தான் எழுப்பும் ஒலியைத் தானே பதிவுக்கு எடுத்துக்கொள்ளும் வாயிலை, உயிர்ப்பித்து அதனை இரண்டாம் கருவிக்குத் திருப்ப வேண்டும். இவ்வாயில் பல மடிக்கணினிகளில் காணப்படுவதில்லை. கிடைக்காதவற்றைக் கடல் கொண்டது எனக் கூறும் நெடிய ஆய்வு மரபு நம்மிடையே இருப்பினும், இங்கு அதனை மறைத்தது ஒலிச்சில்லுக்குரிய இயக்கி நிரலேயாம். மேக் கணினியிலோ ஆடியோ மிடி செட்டப் என்னும் நிரலில் மல்டி-அவுட்புட் டிவைஸ் ஒன்றை ஆக்கிக்கொண்டால் போதும்.

இரு கருவிகளுள் ஒன்று கம்பியாலும் மற்றொன்று புளூடூத்தாலும் இணையும்போதே மூலபாடச் சிக்கல் தோன்றுகிறது. புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, சிறு பொதிகளாக அனுப்பப்பட்டு, வழியில் சில தவறினும் பாட்டு அறுபடாதிருக்கும் பொருட்டு ஒலிபெருக்கியில் சற்றே தேக்கி வைக்கப்படுவதால், ஏறத்தாழ 200 மில்லிவிநாடி, அதாவது விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு பிந்துகிறது (காண்க: ஒலிபெருக்கி வந்த அட்டைப்பெட்டி, மேற்புறம், அங்கு இச்செய்தி இல்லை). ஒரே ஒலி மிகச் சிறு இடைவெளியில் இருமுறை வந்தால் செவி அதனை ஒன்றாகவே கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில் காட்டினார். இடைவெளி 200 மில்லிவிநாடி ஆகும்போதோ பல்லவி இருமுறை கேட்கும். அவற்றுள் எது மூலம், எது பாடபேதம்? தொல்காப்பியத்தின் காலத்தைப் பல நூற்றாண்டுகள் முன்னும் பின்னும் நகர்த்தக் கூசாத அறிஞர் பெருமக்கள் விநாடியின் இவ்வைந்தில் ஒரு பங்கை உடனே தீர்த்துவைப்பர் என எதிர்பார்ப்பது முறையன்று.

தீர்வு ஒன்று உண்டு. 20 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்லுமாதலின், புளூடூத் ஒலிபெருக்கியை அருகிலும் கம்பி ஒலிபெருக்கியை ஏறத்தாழ 69 மீட்டர் தொலைவிலும், அதாவது தெருக்கோடி வீட்டிலும், வைத்தால் இரண்டும் கேட்போர் செவிக்கு ஒரே கணத்தில் வந்து சேரும் (காண்க: அட்டைப்பெட்டி, அடிப்புறம், வலக்கோடி, மூன்றாம் வரி தேநீர்க் கறையால் சிதைவுற்றது, ஒப்புநோக்குக: உத்தரவாத அட்டை, பின்பக்கம், நிரப்பப்படாத கட்டங்கள்). கத்திரி வெயிலில் வெப்பம் 40 பாகையை எட்டுங்கால் அவ்வேகம் 355 மீட்டர் ஆவதால், ஒலிபெருக்கியை மேலும் 2 மீட்டர் பின்தள்ளுக. தெருக்கோடி வீட்டார்க்குப் பாட்டு முன்னிலும் விலகிக் கேட்குமே எனின், அது மாற்றுப் பள்ளியினரின் சிக்கல்.

யூஎஸ்பி வழி இணையும் இரு ஒலிபெருக்கிகள் இதனினும் நுட்பமானவை. அவை ஒவ்வொன்றும் காலத்தைத் தன் படிகத்தின் அதிர்வால் தானே அளந்துகொள்ளக் கூடும். இரு படிகங்களும் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வேறுபட்டாலும், திருத்தம் செய்யப்படாவிடின், மணிக்கு 180 மில்லிவிநாடி விலகும். மேற்கண்ட தீர்வின்படி இதனை ஈடுசெய்ய, முந்துவதை மணிக்கு 62 மீட்டர் வேகத்தில் தூக்கிக்கொண்டு அப்பால் நடக்க ஓர் ஆள் வேண்டும் (காண்க: அட்டைப்பெட்டிக்குள் அதிர்வு தாங்க வைத்த செய்தித்தாள், பக்கம் கிழிந்தது, அதன் மறுபக்க மணமகன் தேவை விளம்பரத்தையும் ஒப்பிடுக, ஆங்கு நடையில் வல்லார் எவரும் குறிக்கப்படவில்லை). நெறியாளருக்குப் பை தூக்கிப் பழகிய முனைவர் பட்ட மாணவர் இப்பணிக்கு உகந்தவர். மேக் கணினியின் டிரிஃப்ட் கரெக்ஷன் இதே வேலையை ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டவுடன் செய்துவிடும். ஆனால் அதற்குப் பட்டம் வழங்கப்படுவதில்லை.

புளூடூத் அமைப்பினர் 2022-இல் அறிவித்த ஆராகாஸ்ட், ஒரே ஒலியைப் பல கருவிகளுக்கு ஒருங்கே பரப்பவல்லது. அது எங்கும் பரவின் இச்சிக்கல் பெரிதும் தீர்ந்து துறையே கலைக்கப்படும் அபாயம் இருப்பதால் இங்கு விரித்துரைக்கப்படவில்லை.

இன்றிரவே பாட்டுக் கேட்க விரும்புவோர் லினக்ஸ் பயன்படுத்துவோராயின், பல்ஸ் ஆடியோவின் ஒலிக்கட்டுப்பாட்டு நிரலில் இரு கருவிகளுக்கும் உரிய தாமத அளவை, பல்லவி ஒன்றாகக் கேட்கும்வரை மாற்றிப் பார்க்கலாம். ஏனையோர் ஸ்ப்ளிட்டர் வாங்குக. கம்பி எட்டாதெனின் வாசற்படி இருக்கிறது.