ஒழுகலியல்: இங்கிலாந்தின் நேரோபோட் குறித்து நூற்பாவும் உரையும்

இங்கிலாந்தின் கால்வாய்களில் மிதக்கும் நேரோபோட்டைப் படகு என்று கொண்டு ஆராய்ந்தவர்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே வழி தவறினர். படகு என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது அதன் முதல் தொழிலாக இருக்க வேண்டும். நேரோபோட்டின் முதல் தொழில் பழுதாவது. இவ்வெளிய உண்மையைப் பழைய உரைமரபுப்படி தடை விடைகளோடு நிறுவ முயல்கிறேன்.

பழுதெனப் படுவது படகின் உயிரே;
பயணம் அதனிடைப் படூஉம் பொழுதே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், இரண்டு பழுதுகளுக்கு நடுவே கிடைக்கும் சிறு இடைவெளிக்கே பயணம் என்று பெயர் என்பது உணர்த்துதல் நுதலிற்று. 'உயிரே' என்னும் ஏகாரம் தேற்றம். 'பொழுதே' என்னும் ஏகாரம் பெருமூச்சு.

இதற்கு மேற்கோள் எல்.டி.சி. ரோல்ட். 1939-இல் 'கிரெஸ்ஸி' என்ற பழைய மரப்படகில் மனைவியோடு கிளம்பி, அந்த அனுபவத்தை 1944-இல் 'நேரோ போட்' என்ற நூலாக வெளியிட்டவர். இன்றைய கால்வாய் மோகத்துக்கெல்லாம் மூலநூல் அதுதான். ஆனால் அவரும் நேரே கிளம்பிவிடவில்லை. பான்பரி ஊரின் படகுத்துறையில் கிரெஸ்ஸிக்கு முதலில் தச்சுவேலை நடந்தது. பழுதுநீக்கம் முன்னது, பயணம் பின்னது என்னும் முறைவைப்பு மூலநூலாசிரியராலேயே கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

இனி உருவம். ட்ரென்ட்–மெர்சி கால்வாய்க்கு 1766-இல் முதல் மண்ணை வெட்டியவர் ஜோசையா வெட்ஜ்வுட். அவருக்குப் பீங்கான் தொழில். குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஏற்றினால் கோப்பை உடையும், தண்ணீரில் அனுப்பினால் உடையாது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி, படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய லாக்குகளுக்கு 7 அடி அகலமே கொடுத்தார். மலையைக் குடையும் செலவு, கதவைத் திறக்குந்தோறும் கீழே போய்விடும் தண்ணீர், இரண்டையும் மிச்சம் பிடிப்பதே எண்ணம் என்பர். கால்வாய் வழியில் குறுக்கிட்ட ஹேர்காஸில் மலையைக் குடைந்து முடிவதற்குள், 1772-இல், அவர் காலமானார். சுரங்கம் 1777-இல் திறந்தது. உள்ளே குதிரை நடக்க வழியில்லை. அதை மலைமேல் ஓட்டிவிட்டு, ஆட்கள் படகில் மல்லாந்து படுத்துச் சுவரை உதைத்து உதைத்து ஒன்றரை மைலுக்கு மேல் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சிக்கனத்தை இன்றைக்கு அனுபவிப்பவர்கள் வேறு ஆட்கள். படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 70 அடிக்குச் சற்று மேல் வரை போகலாம். இரும்புத் தகடு, குளிர்காப்பு, பலகை எல்லாம் போக உள்ளே மிஞ்சுவது ஏறத்தாழ 6 அடி. வீடு முழுக்க நடைதான், கூடம் கிடையாது. கணவனும் மனைவியும் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கியே தீர வேண்டும். யார் என்பது பற்றிக் கால்வாய்ச் சட்டங்கள் மௌனம் சாதிக்கின்றன. மௌனம் சாதிப்பது விவேகமும்கூட. லாங்கோலன் கால்வாயில் ஹர்ல்ஸ்டன் லாக்கின் சுவர்கள் காலப்போக்கில் உட்பக்கம் சாய, சில பழைய படகுகள் நடுவில் சிக்கிக்கொண்டன. படகு பருத்துவிட்டது என்று ஒரு தரப்பும் லாக் சுருங்கிவிட்டது என்று மறுதரப்பும் சொல்ல, இரண்டுமே உண்மையாக இருந்த அபூர்வ வழக்கு அது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணிக்கு 4 மைல் உச்சவரம்பு. கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதுவும் கிடையாது. மீறினால் சன்னலுக்குள்ளிருந்து வசவு வரும். நாயோடு உலாவ வந்தவர் முந்திப் போவார், நாய் அதற்கு முன்பே போயிருக்கும். எத்தனை மைல், எத்தனை லாக் என்று கூட்டி 3-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும் என்பது படகுக்காரர் வாய்பாடு. டார்டிபிக் ஏற்றத்தில் இரண்டேகால் மைலுக்குள் 30 லாக். வாய்பாட்டின்படி கிட்டத்தட்ட 11 மணி நேரம். கைதேர்ந்தவர்கள் அதில் பாதிகூட எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் வாய்பாட்டை யாரும் திருத்தவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்வது அங்கே குறைபாடாகக் கருதப்படாவிட்டாலும் பெருமையாகக் கருதப்படுவதில்லை.

இனி நூலின் உயிர்நிலை.

ஓடுங்கால் சொட்டல் குணமே, நின்றபின்
சொட்டல் குற்றம், ஓடுங்கால் சொட்டாமை பெருங்குற்றம்.

எஞ்சின் உள்ளே, புரொப்பல்லர் வெளியே. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் படகின் பின்பகுதியைத் துளைத்துக்கொண்டு போகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்டுவிட்டு அதில் ஒரு கம்பியைச் சுழலவிடுவது என்பது யோசித்தால் நம்பமுடியாத துணிச்சல். தண்ணீர் உள்ளே வராமலிருக்க அந்தத் துளைக்குள் கிரீஸ் தோய்ந்த கிளாண்டு கயிற்றைச் சுற்றி அடைத்து, நட்டு போட்டு இறுக்குகிறார்கள். நம் ஊர்ப் பம்புசெட் மெக்கானிக்குக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிகவும் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேயும். ஆகவே ஓடும்போது அவ்வப்போது ஒரு சொட்டு விழுவதே ஆரோக்கியம். மாலையில் படகைக் கட்டியதும் கிரீஸ் திருகியை இரண்டு சுற்றுச் சுற்றினால் சொட்டு நிற்கும். ஒழுகுவது குணம், ஒழுகாதது நோய் என்று கொள்ளும் வாகனம் வேறுண்டா என்பதை அறிஞர் ஆராய்க.

சொட்டிய நீர் அடித்தட்டில் சேர்கிறது. அதை வெளியேற்றப் பம்பு. பம்புக்கு பேட்டரி. பேட்டரிக்கு எஞ்சின். எஞ்சின் ஓடினால் ஷாஃப்ட் சுழல்கிறது. ஷாஃப்ட் சுழன்றால் சொட்டுகிறது. தருக்க நூலார் இதைச் சக்கரகம் என்று குற்றமாக வைப்பர். இங்கே இதுவே வாழ்க்கைமுறை. 'கியரில் போடாமல் எஞ்சினை மட்டும் ஓட்டிச் சார்ஜ் ஏற்றலாமே' என்பாரும் உளர். அற்றன்று. மற்றவர்கள் அருகில் கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக்கூடாது என்பது விதி. பேட்டரி தீர்வதோ எப்போதும் இரவு 9 மணிக்கு.

புரொப்பல்லருக்கு நேர்மேலே ஒரு மூடி உண்டு. சுற்றிக்கொண்ட குப்பையை அதன் வழியே கைவிட்டு எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியையும் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான். கிடைப்பவை: பிளாஸ்டிக் பை, கம்பி, கம்பளம், மெத்தை உறை. நம்மவர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் சேலையும் உண்டு. அங்குள்ள படகோட்டிகள் பேச்சில் சேலைக்குத் தனி மரியாதை. ஐந்தரை மீட்டர் துணி ஷாஃப்டில் கச்சிதமாகக் கட்டிக்கொள்ளும், எளிதில் கழலாது. மேற்கு லண்டன் பக்கம் வேண்டுதல் தேங்காய்களும் மிதந்து வரும். அவற்றால் படகுக்குத் தீங்கில்லை.

மூடியைச் சரியாகப் பூட்ட மறந்தால் புரொப்பல்லரே தண்ணீரை உள்ளே வாரி இறைத்துப் படகை மூழ்கடித்துவிடும். ஆனால் கால்வாயின் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். கப்பலோடு மூழ்குவது கப்பல்தலைவனின் கடமை என்னும் மரபை இங்கே கடைப்பிடிப்போர் சட்டை நனையாமலே கடைப்பிடிக்கலாம்.

அடிப்பாகத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை தார்ப்பூச்சு. தண்ணீரிலிருந்து தூக்கி, பாசியைப் பீய்ச்சிக் கழுவி, காயவிட்டு அடிக்க வேண்டும். பக்கத்தில் வெல்டு வைத்திருக்கும் மெக்னீசியக் கட்டிகளுக்கு மட்டும் தார் படக்கூடாது. இரும்பை அரிக்க வரும் மின்வேதி வினை முதலில் அவற்றைத் தின்ன வேண்டும் என்பதற்காகவே அவை அங்கே இருக்கின்றன. அரசன் நலம்பெறத் தன் தலையைத் தானே அரிந்து கொடுத்த அரிகண்ட வீரனுக்கு நடுகல் உண்டு. மெக்னீசியத்துக்கு அடுத்த முறை புதுக்கட்டி மட்டும்தான். கரை மின்சாரத்தில் படகைச் செருகினால் இன்னொரு விபரீதம். எர்த் கம்பி வழியாக நம் படகும் பக்கத்துப் படகும் சேர்ந்து ஒரே பேட்டரி ஆகிவிடும். நம் கட்டி அவர் படகைக் காக்கக் கரையும். இதைத் தடுக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். அண்டை வீட்டாரோடு இதைவிடச் செலவான உறவு நிலத்தில் இல்லை. புதுப்படகின் அடித்தகடு பொதுவாக 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேல்கட்டு 4. எந்த இடத்திலாவது அடி 4-க்குக் கீழே தேய்ந்ததாகச் சோதனைக்காரர் எழுதிவிட்டால் காப்பீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மேலே புதுத்தகடு போட்டு வெல்டு வைக்க வேண்டிவரும்.

கடைசியாகச் சட்டச் சான்று. 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டத்தின்படி, படகைக் கட்டிவைக்கச் சொந்த இடம் இல்லாதவர் ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. எத்தனை தூரம் நகர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதில் பிறந்த சண்டைகள் ஏராளம். ஆனால் நியாயமான காரணம் இருந்தால் கூடுதலாகத் தங்கலாம் என்கிறது. எஞ்சின் பழுது நியாயமான காரணம். பழுதில்லாத படகு ஊர்ஊராக அலைய வேண்டும். பழுதான படகுக்கே நிலையான முகவரி. முதற்சூத்திரம் இதனால் நிறுவப்பட்டது.

புறனடை: கழிவறை பற்றி இங்கே ஏதும் கூறவில்லை. பெரிய தொட்டியில் சேர்த்துக் கட்டணம் கொடுத்து உறிஞ்சவிடுவோர், சிறு பெட்டியைக் கையில் தூக்கிப்போய்க் கொட்டுவோர், எருவாக்கிக் காத்திருப்போர் என மூன்று கட்சியார் உளர். மூவரும் தத்தம் கொள்கையைச் சாப்பாட்டு வேளையில்தான் விளக்குவர்.