நல்ல புள்ளையாச் சிரிலே

ஏலே பேராண்டி, இரைச்சல் பாண்டு ஆரம்பிக்கப் போறியாமே? ராவெல்லாம் மச்சுல வயரும் பொட்டியுமாக் கெடக்கேன்னு உங்க ஆத்தா பொலம்பிக்கிட்டுத் திரியுதா. அவ கெடக்கா. தொழில்னு எறங்கிட்டா முன்னால செஞ்சவுக சூதத் தெரிஞ்சுக்கணும்லா?

இங்கிலாந்துல த்ராபிங் கிரிசில்னு நாலு பேரு இருந்தாக. பேருக்கு அர்த்தம் மட்டும் கேட்டுராத, வயசான மனுசன் வாயால சொல்ல முடியாது. 1976ல லண்டன்ல அவுக வச்ச கண்காட்சியால பார்லிமெண்டு மெம்பரு ஒருத்தரு கொதிச்சுப்போயி, இவுக நாகரிகத்தையே நாசம் பண்ண வந்தவுகன்னுட்டாரு. காசு குடுத்தாலும் கெடைக்குமாலே அப்படி ஒரு விளம்பரம்! கிறிஸ் கார்ட்டரு கருவியளத் தானே செஞ்சுக்கிடுவாரு. பீட்டர் கிறிஸ்டோபர்சன் டேப்புல புடிச்சு வச்ச சத்தத்த ஓட்டுவாரு. கோசி ஃபானி டுட்டிக்குக் கித்தாரு, ஜெனிசிஸ் பி-ஆரிட்ஜுக்குப் பாட்டு. பாட்டுன்னா பாட்டா? சரி, அத விடு.

1979 வந்துச்சு. அடுத்த தட்டும் வரட்டும்னு சனம் காதுல பஞ்சு வச்சுக் காத்திருக்கு. இவுக ‘20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்’னு ஒண்ண விட்டாக. அட்டையில, பூப்பூத்த புல்லுமேட்டுல நாலு பேரும் சீவிச் சிங்காரிச்சு, பொண்ணு பாக்க வந்தவுக கணக்காச் சிரிச்சுக்கிட்டு நிக்காக. உள்ள எண்ணுனா 11 உருப்படிதான்! தலைப்புப் பாட்டுல கார்னெட்டு லேசா முனகும், ஜாஸு அதோட சரி. அந்தப் புல்லுமேடு எது தெரியுமா? பீச்சி ஹெட்டு. 160 மீட்டருக்கு மேல செங்குத்தா நிக்குற சுண்ணாம்புப் பாறை, உசுர மாய்ச்சுக்கிட வாரவுகளால பேரு கெட்டுப்போன எடம். பூவப் பாத்தவன் எடத்தப் பாக்கல.

கூப்பாடும் கொறைவுதான். ‘ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப் லவ்’ல கோசி குசுகுசுப்பா, காலு தானா ஆடும். ‘பெர்சுவேஷன்’ல ஒருத்தன் அலட்டிக்காம, நயிச்சியமாப் பேசிப் பேசியே ஆள வழிக்குக் கொண்டாரப் பாப்பான். எனக்கு அவுக போட்ட கூச்சலையெல்லாம் தாங்கிக்கிடலாம், இந்த நயிச்சியத்தத்தான் தாங்க முடியல. வீட்டுக்குள்ள செருப்பக் கழத்திட்டு வார வில்லங்கம்லே அது.

அதனால நீ மண்டையோட்டுச் சட்டையக் கழத்து. எண்ணெ தேச்சுச் சீவு, துன்னூறு பூசு, வேட்டி கட்டிக்கிட்டு போட்டோ புடி. ‘பக்தி மணம் 50’ன்னு பேரு வையி, எட்டுப் பாட்டு போதும். மொத தட்ட உங்க பெரியப்பன்கிட்ட வித்துரு. காச மட்டும் போட்டுக் காட்டுறதுக்கு முன்னாலயே வாங்கிரு, என்னா?